பத்து லிட்டர்

மருத்துவர் அம்மாவின் முதுகில் ஸ்டெத்தாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார். "வீட்ல விறகு அடுப்பு எரிக்கிறீங்களா?"

நான் முந்திக்கொண்டு சொன்னேன். "இல்லைங்க டாக்டர், கேஸ்தான். நான் ஸ்கூல் போறப்பவே கேஸ் வந்துருச்சு."

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அம்மாவிடம் மறுபடியும் கேட்டார். "குளிக்கத் தண்ணி எதுல காய வெக்கறீங்க?"

அம்மா சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு, "பொடக்காலில அடுப்பு இருக்குதுங்க. மட்டையப் போட்டுக் காய வெச்சுக்குவேன்" என்றாள்.

எத்தனை வருஷமாக என்று கேட்டார். அம்மா கணக்குப் போட ஆரம்பித்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து. முப்பத்தெட்டு வருஷம்.

எங்கள் வீடு உடுமலைப்பேட்டைக்குப் பக்கம். ஓட்டு வீடு. பின்பக்கம் பதினோரு தென்னை மரங்கள். சமையலறைக்குள் கேஸ் அடுப்பு, மிக்ஸி, குக்கர் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. பொடக்காலியில் இருந்த தண்ணி அடுப்பு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. மண் அடுப்பு, மேலே வெளிப்புறம் முழுக்கக் கரியேறிய செம்பு அண்டா. மட்டை, பாளை, பன்னாடை, கொட்டாங்குச்சி எல்லாம் மரத்திலிருந்து தானாக விழுவதுதான். காசு கிடையாது. காசு இல்லாத எதையும் யாரும் மாற்ற யோசிப்பதில்லை.

இதில் என் பங்கும் இருக்கிறது. வேலை கிடைத்து பெங்களூர் போன பிறகு, ஊருக்கு வரும்போதெல்லாம் அந்த வெந்நீருக்கு ஏங்குவேன். அதில் ஒரு புகை வாசம் இருக்கும். குளித்து முடித்த பிறகும் தலைமுடியில் மத்தியானம் வரை நிற்கும். ஒரு மார்கழிக் காலையில் அடுப்பிலிருந்து எழும்பிய புகைக்குள் ஓலை இடுக்கு வழியாக வெயில் கோடுகோடாக விழுந்ததைப் படமெடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். "வீடு" என்று ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தேன். நிறைய ஹார்ட் வந்தது. படத்தின் இடது ஓரத்தில், குனிந்து ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருந்தது அம்மா. முகம் தெரியாது.

அம்மாவுக்கு வந்திருந்தது சிஓபிடி. மூச்சுக்குழாய்கள் நாள்பட்டுச் சுருங்கிப்போகும் நோய். வாழ்நாளில் ஒரு பீடியைக்கூடத் தொடாத பெண்களுக்கு இது வருவதற்கு விறகுப் புகை ஒரு முக்கியக் காரணம் என்று மருத்துவர் விளக்கினார். இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். "மருந்து பாதி வேலதான் செய்யும். புகை நின்னாத்தான் மீதி" என்றார்.

அன்றைக்கு மத்தியானமே ஒரு கீசர் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். அது ஒரு நாள் வேலை என்று நினைத்தேன். ஆறு வாரம் ஆனது.

முதல் தடை அம்மா. காரணம், அப்பா வாங்கி வந்த ராடு. நான் ஆறாவது படிக்கும்போது, மழைக்காலத்தில் மட்டை நனைந்து எரியவில்லை என்று அப்பா ஒரு வாட்டர் ஹீட்டர் ராடு வாங்கி வந்தார். இரும்பு வாளியில் மாட்டி சுவிட்சைப் போட்டார். தண்ணீர் சுட்டுவிட்டதா என்று பார்க்க விரலை விட்டார். பின்னால் போய்ச் சுவரில் மோதி விழுந்தார். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அம்மா அந்த ராடைப் பழைய சேலையில் சுற்றிப் பரணில் எறிந்தாள். "தண்ணியையும் கரண்டையும் ஒண்ணா வெக்கற சோலியே இந்த ஊட்டுல வேண்டாம்" என்றாள். அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது. ராடு இன்னும் பரணில்தான் கிடக்கிறது.

இரண்டாவது தடை, எதை வாங்குவது என்பது. தொட்டி உள்ளதா, இல்லாததா? கடைக்காரர்கள் ஒன்றை ஸ்டோரேஜ் என்கிறார்கள், இன்னொன்றை இன்ஸ்டன்ட் என்கிறார்கள். ஸ்டோரேஜில் பத்து, பதினைந்து, இருபத்தைந்து லிட்டர் தண்ணீர் உள்ளேயே நின்று சூடாகும். இன்ஸ்டன்டில் தண்ணீர் ஓடும்போதே சூடாகி வரும். இரவெல்லாம் இதைப் பற்றிப் படித்தேன். நான் மென்பொருள் வேலை செய்கிறவள். கவலை வந்தால் எக்செல் ஷீட் திறப்பது என் பழக்கம்.

படித்ததில் ஒன்று வேடிக்கையாக இருந்தது. தொட்டி கீசர்தான் பழையது, தொட்டி இல்லாதது புதுசு என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மை தலைகீழ். 1868இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மான் என்பவர் செய்த சாதனத்தில் தொட்டியே கிடையாது. எரியும் கேஸின் வெப்பத்தில் தண்ணீர் ஓடியபடியே சுட்டது. ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்றின் பெயரை எடுத்து அதற்கு 'கீசர்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். புகைபோக்கி இல்லாததால் குளியலறைக்குள்ளேயே புகை சேரும், ஆபத்தான சாதனம். தானாக வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தொட்டி ஹீட்டரை நார்வேயில் பிறந்த எட்வின் ரூட் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் செய்தது அதற்கு இருபத்தியொரு வருஷம் கழித்து, 1889இல். ஆக, தொட்டி பின்னால் வந்தது. வெந்நீரை முன்கூட்டியே சேர்த்து வைக்கலாம் என்பதுதான் அன்றைக்குப் புது யோசனை.

தம்பி சென்னையிலிருந்து போனில் சொன்னான். "அக்கா, கேஸ் இன்ஸ்டன்ட் போட்ரு. கரண்டே வேண்டாம், அம்மா பயப்பட மாட்டாங்க." கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் குளியலறை ஐந்தடிக்கு ஐந்தடி. ஒரே ஒரு சின்ன வென்டிலேட்டர், அதையும் அம்மா பல்லி வருகிறதென்று அட்டை வைத்து அடைத்திருந்தாள். மூடிய அறைக்குள் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறம் கிடையாது, வாசம் கிடையாது. குளிக்கப் போனவர்கள் உள்ளேயே மயங்கி இறந்துபோன செய்தி குளிர்காலத்தில் வந்துகொண்டேதான் இருக்கிறது. நுரையீரலைக் காப்பாற்றக் கிளம்பிவிட்டு அந்தப் பக்கம் போக எனக்குத் தைரியம் இல்லை. சோலார் வைக்கலாம் என்றால் ஓட்டுக் கூரை, அதன் மேலே தென்னை நிழல். மிஞ்சியது கரண்ட்தான்.

அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போய் அளவெடுத்தேன். தை மாதக் காலை ஆறு மணிக்குக் குழாய்த் தண்ணீர் 21 டிகிரி. அம்மா குளிக்கும் வாளியில் நிரம்பும் தண்ணீர் 18 லிட்டர். விளாவிய வெந்நீரின் சூடு கிட்டத்தட்ட 40. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்த 4.2 கிலோ ஜூல் வேண்டும். இதற்கு மேல் எல்லாம் பள்ளிக்கூடக் கணக்குதான்.

இன்ஸ்டன்ட் 3 கிலோவாட். 19 டிகிரி உயர்த்த வேண்டுமானால் நிமிஷத்துக்கு இரண்டேகால் லிட்டர்தான் வரும். ஒரு வாளி நிறைய எட்டு நிமிஷம். பத்து லிட்டர் ஸ்டோரேஜ் 2 கிலோவாட். 21இலிருந்து 60க்குப் போகப் பதினாலு நிமிஷம். அதில் பச்சைத் தண்ணி விளாவினால் 40 டிகிரியில் இருபது லிட்டர் கிடைக்கும். சரியாக ஒரு வாளி. இருபத்தைந்து லிட்டர் என்றால் முப்பத்திநாலு நிமிஷம், ஐம்பது லிட்டர்.

ஒரு வாளிக்குத் தேவையான மின்சாரம் எதில் சுட வைத்தாலும் ஒன்றுதான், 0.4 யூனிட். தொட்டி மின்சாரத்தைத் தின்னும், இன்ஸ்டன்ட் மிச்சம் பிடிக்கும் என்று நான் படித்ததெல்லாம் ஸ்விட்சை அணைக்காத வீடுகளைப் பற்றியது. அமெரிக்காவில் வீடு முழுவதற்கும் ஒரே பெரிய தொட்டி, இருபத்திநாலு மணி நேரமும் சுட்டபடி இருக்கும். யாரும் குளிக்காத நேரத்திலும் சூடு கசிந்துகொண்டே இருக்கும். நாமோ குளிக்கும் முன்னால் ஸ்விட்சைப் போட்டு, குளிக்கப் போகும்போது அணைக்கிறவர்கள். நமக்கு அந்த நஷ்டம் சொற்பம்.

ஷீட்டின் கடைசி வரிசையில் 'எது சிறந்தது' என்று ஒரு தலைப்பு வைத்திருந்தேன். அதில் ஏற்கெனவே '25 லிட்டர்' என்று நிரப்பியும் வைத்திருந்தேன். எப்போது நிரப்பினேன் என்று யோசித்தேன். அளவெடுப்பதற்கு முன்பே. தீபாவளி, பொங்கல், மே மாத லீவு என்று நாங்கள் போவது வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாள். மீதி முந்நூற்றைம்பது நாளும் அந்தக் குளியலறையில் குளிப்பது ஒரே ஓர் ஆள், ஒரே ஒரு வாளி. நான் அம்மாவுக்குக் கீசர் பார்க்கவில்லை. எங்களுக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு நாம் வாங்கிக் கொடுக்கும் பொருட்களில் பாதி இப்படித்தான் என்று நினைக்கிறேன். பெரிய டிவி, டபுள் டோர் ஃப்ரிட்ஜ், கெஸ்ட் ரூமுக்கு ஏசி.

அப்படியானால் இன்ஸ்டன்ட்தானே? ஓர் ஆள், ஒரு வாளி. சின்னது, விலை குறைவு. அதை வாங்குவதாகவே முடிவு செய்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். வந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். முதலில் மேலே நிமிர்ந்து பார்த்தான். குளியலறைக் கூரை மேலேயே சின்டெக்ஸ் தொட்டி.

"அக்கா, தொட்டி ஒயரமே பத்தாதுங்க. மாட்டற எடத்துல இருந்து ஆறடிகூட இல்ல. தண்ணி நூலாட்ட வரும். கம்மியா வந்தா கொதிக்கக் கொதிக்க வந்துட்டு கட் ஆயிருமுங்க. அப்பறம் பச்சையா வரும். பெரியவங்களுக்குச் சரிப்படாதுங்க."

எக்செல் ஷீட்டில் அந்த ஆறடி இல்லை. பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். எங்களுடையது அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

அப்புறம் அவன் ஸ்விட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்தான். உள்ளே இருந்த ஒயர் என் வயதுடையது. எர்த் கம்பி ஸ்விட்ச் போர்டு வரை வந்து, அதற்கு மேல் எங்கேயும் போகவில்லை. அப்பாவைத் தூக்கி எறிந்த அந்த நாளுக்கு இப்போது காரணம் தெரிந்தது. ராடு கசிந்திருக்கும். கசிந்த கரண்ட் போவதற்கு வேறு வழி இல்லாமல் அப்பா வழியாகப் போயிருக்கிறது.

"கீசர் எதுன்னு அப்பறம் பார்க்கலாங்க. மொதல்ல எர்த் போடணும்" என்றான்.

மறுநாள் வீட்டுப் பக்கவாட்டில் குழி தோண்டினார்கள். குழாயை நட்டு, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்ட வேண்டும். உப்பு வாங்கி வந்திருந்தான், கரி போதவில்லை. "ஊட்ல கரி இருக்குங்களாம்மா?" என்று கேட்டான். அதுவரை திண்ணையில் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த அம்மா எழுந்து போய்த் தண்ணி அடுப்புப் பக்கத்தில் சேர்த்து வைத்திருந்த கொட்டாங்குச்சிக் கரியை இரண்டு சாக்கு கொண்டுவந்து கொடுத்தாள். "எதுக்கு சாமி இது?" என்று கேட்டாள். கசியும் கரண்ட் ஆளைத் தொடாமல் மண்ணுக்குள் போய்விடும் என்று அவன் விளக்கினான். மெயினில் ஆர்சிசிபி ஒன்றும் மாட்டினான். முப்பது மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் அணைத்துவிடும் என்று சொல்லி, டெஸ்ட் பட்டனை அழுத்திக் காட்டினான். வீடு முழுக்க டப்பென்று அணைந்தது. அம்மா தானே ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். பிறகு இன்னொரு முறை.

"இது அப்பவே இருந்திருந்தா அவருக்கு அன்னைக்கு அடிச்சிருக்காதில்ல" என்றாள். இருக்காதுங்கம்மா என்றான். அம்மா கொஞ்ச நேரம் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு கீசர் வேண்டாம் என்று அவள் ஒருமுறையும் சொல்லவில்லை.

எது வேண்டும் என்பதை மட்டும் அவளே சொன்னாள். நான் இரண்டையும் விளக்கினேன். ஒன்று தொறந்தா உடனே சுடுதண்ணி, ஆனா வாளி ரொம்பற வரைக்கும் நிக்கணும். இன்னொண்ணு முன்னாடியே போட்டு வெக்கணும்.

"முன்னாடியே போடறதுதான் கண்ணு. வெடியால பத்த வெச்சுட்டு நான் பாட்டுக்கு வாசத் தெளிச்சு, கோலத்தப் போட்டுட்டு வருவேன். தண்ணி காஞ்சிருக்கும். இதுக்கு முன்னாடி எட்டு நிமிசம் எவ நிப்பா? நடுவுல கரண்டு போனா அதுல என்ன வரும்?" கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டாள். "அப்பறம், வெளாவாம எப்படிக் குளிக்கறது? கைய விட்டுப் பார்த்து வெளாவுனாத்தான் தண்ணி."

ஆறு வாரமாக நான் தேடியதற்கு அம்மாவிடம் மூன்று காரணங்கள் இருந்தன. நான் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பாள்.

பத்து லிட்டர் ஸ்டோரேஜ் வாங்கினோம். போர் தண்ணி உப்பு என்பதால் உள்ளே இருக்கும் ஆனோடு ராடை வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொன்னான் பையன். வாளியில் பச்சைத் தண்ணியை முதலில் பிடி, சுடுதண்ணியை அப்புறம் விடு என்று நான் அம்மாவுக்குச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், அதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான் என்பது நினைவுக்கு வந்தது. அவளுடைய ஒரே கவலை மின் கட்டணம். அப்போது இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் வரை கட்டணம் கிடையாது. தனியாக இருக்கும் அம்மா அந்த நூறைத் தாண்டியதே இல்லை, அதில் அவளுக்கு ஒரு பெருமை. கீசருக்கு இருபத்தைந்து யூனிட் கூடும் என்றதும் முகம் சுருங்கியது.

மாசியிலிருந்து ஐப்பசி வரை புகை இல்லை. பேசும்போது நடுவில் மூச்சு வாங்குவது குறைந்தது. இருமல் முழுதாகப் போகவில்லை. போகாது என்று மருத்துவர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

தீபாவளிக்கு எல்லோரும் போனோம். நான், என் கணவர், மகள். தம்பி, அவன் மனைவி, இரண்டு பையன்கள். முதல் நாள் ராத்திரி முழுக்க மழை. மூன்றரை மணிக்கு விழிப்பு வந்தது. என்னை எழுப்பியது இருமல் சத்தம்.

பொடக்காலியில் அம்மா தண்ணி அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தாள். மட்டை ஈரம். எரியாமல் புகைந்துகொண்டே இருந்தது. ஊதுகுழலை வாயில் வைக்கிறாள், ஊத மூச்சு இல்லை, எடுத்துவிட்டு இருமுகிறாள், மறுபடி வைக்கிறாள். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் நான் படமெடுத்தேனே, அதே இடம்.

கையிலிருந்து குழலைப் பிடுங்கினேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். "என்னம்மா பண்ற நீ? அதான் கீசர் இருக்குதில்ல!"

"பத்து லிட்டர வெச்சுட்டு ஏழு பேருக்கு என்னடி பண்றது? எண்ணெ தேச்சுட்டு கொழந்தைக பச்சத் தண்ணில குளிக்குமா? ஒறம்பரை வந்திருக்கறப்ப..."

"நாங்க ஒறம்பரையாம்மா?"

அவள் பதில் சொல்லவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அதற்கு மேல் பேச்சு வரவில்லை. வருஷத்துக்குப் பத்து நாள் வருகிறவர்களுக்கு வேறு பெயர் இருந்தால் நான் சொல்லியிருப்பேன்.

ஆனால் அவள் சொன்ன எண் காதில் நின்றது. வீட்டில் அன்றைக்கு இருந்தது எட்டுப் பேர். அம்மா தன்னை எண்ணவில்லை. எங்கள் வீட்டில் எப்போதும் அப்படித்தான். முதலில் எழுந்து அடுப்பைப் பற்ற வைப்பவள் அவள். அப்பா, நாங்கள், வந்தவர்கள் எல்லோரும் குளித்த பிறகு அண்டாவின் அடியில் மிஞ்சிய தண்ணீரில் கடைசியாகக் குளிப்பவளும் அவள். பல நாள் அது ஆறிப்போயிருக்கும். அவள் கணக்கு அந்த அண்டாவின் கணக்கு. நான் போட்டது ஓர் ஆள், ஒரு வாளி என்ற கணக்கு. கணக்கில் தப்பில்லை. தனக்காக மட்டும் தண்ணீர் காய வைக்கிற ஓர் ஆளை நான் கற்பனை செய்திருந்தேன். அப்படி ஓர் ஆள் அந்த வீட்டில் இருந்ததில்லை.

புகைந்த மட்டைகளை இழுத்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். உள்ளே போய் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதினேன். பதினாலு நிமிஷம் சுட, இரண்டு நிமிஷம் பிடிக்க. ஒருவர் குளிக்கும்போதே அடுத்தவருக்குக் காய்ந்துகொண்டிருக்கும். ஆளுக்குப் பதினாறு நிமிஷம், எட்டுப் பேருக்கு இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். நாலே முக்காலுக்கு ஆரம்பித்தால் ஏழுக்கு முடிந்துவிடும். முதல் பெயராக அம்மா என்று எழுதினேன். கடைசிப் பெயர் என்னுடையது.

"நான் என்னத்துக்கு மொதல்ல? எண்ணெ வெச்சு உடறது ஆரு?"

"வெச்சு உட்டுட்டுப் போய்க் குளி."

அவள் எல்லோரையும் எழுப்பி வரிசையாக உட்கார வைத்து, உச்சியில் எண்ணெய் வைத்தாள். அவளுக்கு நான் வைத்தேன். அவள் தலையில் முடி அவ்வளவு குறைந்திருப்பது கை பட்டதும்தான் தெரிந்தது. முனகிக்கொண்டே குளியலறைக்குள் போனாள். உள்ளே தண்ணீர் விளாவும் சத்தம் கேட்டது. வெளியே தம்பி பையன்கள் காலண்டர் தாளை வைத்துக்கொண்டு யார் நேரத்தை யார் திருடுவது என்று சண்டை போட்டார்கள். ஏழு மணிக்குக் கடைசியாக நான் குளித்தபோது வெளியே பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. அம்மா அதற்குள் புதுச் சேலை கட்டி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பேரப்பிள்ளைகளுக்கு முன்பே அவள் தயாராகிவிட்ட தீபாவளி ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை.

கார்த்திகையில் ஒரு நாள் போன் செய்தாள். ஈபியில் கணக்கெடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நூற்றுப் பன்னிரண்டு யூனிட்.

"நூறத் தாண்டிருச்சு பாரு" என்றாள். குரலில் கோபம்தான். நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே சொன்னாள்.

"செரி உடு. தீவாளிக்கு எட்டுப் பேரு குளிச்சமில்ல."